உபயம், இருபத்தாறு பேர்

"பேரும் இனிஷியலும் கரெக்டா கீதான்னு பாத்துடு ஹரி. சாயந்திரம் சிடி போடப் போறேன்," என்று இனியன் கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.

பொத்தேரி ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் அவனுடைய பிரவுசிங் சென்டர். மத்தியானம் என்பதால் ஆளில்லை.

திரையில் 'உபயம்' என்று தலைப்பு. அதன் கீழே இருபத்தாறு பெயர்கள்.

2000-ஆம் வருடம் நாங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தமிழிலேயே ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்யப்போகிறேன் என்று இவன் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகக் கிளம்பினான். கோயில் திருவிழாவுக்கு வசூலிப்பது மாதிரியே வசூல். கொடுத்தவர்கள் எல்லோரும் கேமில் ஒரு பாத்திரமாக வருவார்கள் என்று வாக்குறுதி வேறு.

ஒரே வருடத்தில் முடித்துவிடுவேன் என்றான். நம்பினோம். அந்த வயதில் எல்லாமே ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

எட்டு வருடம் ஆனது.

கேமில், படாளத்திலிருந்து புதுப்பட்டினம் கடற்கரைக்கு ஒருவன் நடந்தே போய் ஒரு கடிதத்தைச் சேர்க்க வேண்டும். விளையாடுகிற நாம்தான் அந்த ஆள். வழியெல்லாம் ஊர்கள், ஏரிகள், பேய்கள். மெஸ் நடத்திய ரெபேக்காள் அக்கா கேமிலும் இட்லிதான் விற்கிறார். நாலு தின்றால் போன உயிர் திரும்பி வந்துவிடும். ஹாஸ்டல் ஸ்டான்லி ஏரிக்கரையில் ஈட்டியோடு வழிமறிக்கிறான். வாட்ச்மேன் சடையப்பனைக்கூட விடவில்லை, அவருக்கு ஒரு குதிரை கொடுத்திருக்கிறான்.

எனக்கு மட்டும் பாத்திரம் இல்லை.

கேட்டதற்கு, "உன் பேரு லிஸ்ட்ல வரும், அது போதும்," என்று அப்போதே சொல்லிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு இட்லிக்காரியாகக்கூடவா நான் லாயக்கில்லை?

படம் வரைந்துகொடுத்த நண்பன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தமிழ் எழுத்து திரையில் உடையாமல் வரவே ஒன்றரை வருடம் பிடித்தது. ஒருமுறை ஹார்டு டிஸ்க் மொத்தமாகக் கைவிரித்ததில், ஊர்கள் எல்லாம் அழிந்து ஏரி மட்டும் மிஞ்சியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், ஒன்றாகப் போகும் ரயிலில். எப்போ முடியும்?

கேமைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று அவன் நினைத்தான். அல்லது அப்படி நடித்தான். இன்னும் ஒரு வருசம் என்பான்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அப்பாவும் அம்மாவும் ஏறக்குறைய இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள், கையில் ஜாதகத்தோடு. அவன் சொன்ன பதிலையே நானும் அவர்களிடம் சொன்னேன். இன்னும் ஒரு வருடம்.

அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அப்பாவிடம் நின்று சண்டை போட்டிருப்பேன். வரவில்லை. ஆறாவது வருடம் என் பதிலை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

லிஸ்ட்டைச் சரிபார்க்க வரச்சொல்லி அவன் போன் செய்தபோது, இருபத்தாறு பேரையும்தான் கூப்பிட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்தேன். அந்த ஒரு சொல் அவனிடம் எப்போதாவது இருந்ததா என்று தெரியாமல் எனக்கு மனசு ஆறாது.

பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். ம. சடையப்பன். அ. ஸ்டான்லி. கடைசியிலிருந்து மூன்றாவதாக நான்.

இ. ஹரிப்ரியா.

தப்பாக அடித்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. என் அப்பா கோபாலகிருஷ்ணன். நான் கோ. ஹரிப்ரியா. நாலு வருடம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் இவன் காதில் விழுந்த பெயர்.

கோ அடிக்கப் போய் கை தவறி இ விழாது.

இ-யில் தொடங்கும் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது. இந்த அறையில் ஒருவனுக்கு இருக்கிறது.

"இத எப்போ அடிச்சே?" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மொதமொதல்ல இதான் அடிச்சேன். ஒரு வருசத்துல முடிச்சிடலாம்னு நெனச்சிகினு இருந்தேன்."

கீழே சென்னை பீச் போகும் ரயில் வந்து நின்று கிளம்பியது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அடப்பாவி, இதை வாயைத் திறந்து சொல்ல உனக்கு என்ன கேடு?

ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் என் பெயருக்கு முன்னால் இப்போது ஜா இருக்கிறது. ஜானகிராமன் நல்லவர். என்னை ஒரு நாளும் காக்க வைத்ததில்லை.

இ-யை அழித்தேன். ஜா என்று அடித்தேன். புள்ளி வைத்து, ஒரு இடம் விட்டு, சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பிறகு ஃபைலை மூடினேன்.

மாற்றியதைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

வேண்டாம் என்பதை அமுக்கினேன்.

"எல்லாம் கரெக்டா இருக்கு. சிடி போட்டுடு," என்றேன்.