பெயருக்குக் கீழே

"தங்கக் கலர்ல போட்டா சும்மா தூக்கும் சார்," என்றான் ராஜகணேஷ்.

எது தூக்கும் என்று சபாபதி சார் கேட்கவில்லை. வணிகவியல் துறை அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரே ராஜகணேஷின் பக்கத்தில் இருந்த மாணவி கார்த்யாயினியின் பெயரைக் கணினியில் தேடிக்கொண்டிருந்தார்.

ராஜகணேஷ் செல்போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். திரையில் கல்யாணப் பத்திரிகை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். இது அவன் கல்யாணத்துக்கு அவனே வடிவமைத்தது. பிள்ளையார், குத்துவிளக்கு, இரண்டு மயில். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே எம்.பி.ஏ. மணப்பெண் பெயருக்குக் கீழே இன்னும் எதுவும் இல்லை.

அந்த எம்.பி.ஏ.வைப் பார்க்கும்போதெல்லாம் கார்த்யாயினிக்கு உதட்டோரம் கோணும். தபாலில் சேர்ந்து, முதல் பரீட்சையிலேயே பாதியில் எழுந்து வந்தவன். கேட்டால், "படிச்சேன்னுதான போட்டிருக்கேன், பாஸுன்னா போட்டேன்?" என்பான்.

அவளுக்கு அத்தை மகன். தையில் நிச்சயம் ஆனது.

அன்றைக்கு அத்தை ராஜாம்பாள் சபையில் வைத்தே சொல்லிவிட்டாள். மூத்த மருமகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததை இன்னும் நாலு பேர் சொல்லிக் காட்டுகிறார்கள். இவள் படிப்பு முழுசாக முடிந்த பிறகுதான் தாலி. சித்திரையில் கடைசிப் பரீட்சை, ஆவணியில் கல்யாணம்.

கார்த்யாயினியை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ. அவள் தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லூரியில் அவளைச் சேரக் கூப்பிட்டிருந்த பி.காம். ஆனர்ஸ் மீதும் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

பகலெல்லாம் மேல வீதி ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, சாயங்காலம் வகுப்புக்கு வந்து கொட்டாவி விடும் கூட்டம்தான் அவளுடைய பி.காம். செட். அதில் நாலு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆய்வு, கட்டுரை என்று அலைய விடுவார்கள். கழுத்து அடையாள அட்டையில் நீல நாடாவுக்குப் பதிலாகச் சிவப்பு நாடா. சிவப்பு நாடாக்காரர்கள் கேன்டீனில் டீ உறிஞ்சுகிற தோரணையே தனி. ஏதோ டீயைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான் என்பது போல.

அந்தக் கட்டுரையைத் தன்னால் எழுத முடியுமா என்றும் சந்தேகம். சாதகம், பாதகம் எல்லாம் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தாள்.

அப்போதுதான் ராஜகணேஷ் போன் செய்தான். புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு அடித்த பத்திரிகையில், பெண் பெயருக்குக் கீழே பி.காம். ஆனர்ஸ் என்று இருந்ததாம்.

"உனக்கும் அது கெடைக்குமா? மார்க் இருந்தாக் குடுப்பாங்கல்ல?"

"மார்க் இருக்கு மாமா," என்றாள் அவள். அது பொய் இல்லை.

சேருவதா வேண்டாமா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அப்பா சட்டையை மாட்டுவதற்குள் ராஜகணேஷ் கடையைப் பூட்டிவிட்டு, கடலூரிலிருந்து பைக்கில் சிதம்பரம் வந்து நின்றான்.

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, ஆனர்ஸ்ங்கறது என்னன்னா..."

"கௌரவம் சார்! எங்களுக்குத் தெரியாதா? டெய்லி நூறு பத்திரிகை பாக்கறவன் நான்."

"அதில்லப்பா. இதுல சேந்தா..."

"சேக்கறதுக்குத்தான சார் இம்மாந் தூரம் வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கேன்! இந்தப் புள்ளையக் கேட்டீங்கன்னா பயப்படும். நீங்க பாட்டுக்குப் பேரப் போடுங்க." அவள் பக்கம் திரும்பினான். "என்னா கார்த்தி, மாமா சொல்றேன்ல? சேந்துக்கோ."

சார் அவளைப் பார்த்தார்.

அவள் ராஜகணேஷைப் பார்த்தாள். சட்டைப் பையில் கூலிங் கிளாஸ். மேசை மேல் வைத்த கையில் மூன்று மோதிரம். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விட்டால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்பது போல எப்போதும் பாதி திறந்திருக்கும் வாய்.

இவனுக்கா இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

உடனே தன்னை நினைத்தாள். சபையில் ஒரே ஒரு 'வேண்டாம்' சொல்லத் துப்பில்லாமல், இப்படி ஒரு முட்டாளின் முட்டாள்தனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள். அவன் மேல் வந்ததைவிட அதிக அருவருப்பு வந்தது.

"சேந்துக்கறேன் சார்," என்றாள்.

ராஜகணேஷ் தொடையில் தட்டினான். எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கடைப் பையனுக்குப் போன் போட்டான். "டேய், பொண்ணு பேருக்குக் கீழ எடம் பெருசா வுடுடா! மயில வேணா சின்னதாக்கிக்கோ!"

சார் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இதுல சேந்தா மூணு வருஷத்தோட முடியாது. இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். பத்திரிகையில ஆவணின்னு போட்டிருக்கு. அவருக்குத் தெரியுமா?"

ஒரு வருஷம். அத்தை சொன்ன கணக்குப்படி தாலியும் அவ்வளவு தள்ளிப் போகும். அதற்குள்ளாவது அந்த ஒரு 'வேண்டாம்' வாயில் வந்துவிடுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

வராந்தாவிலிருந்து ராஜகணேஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"நீங்கதான் சொல்லிப் பாத்தீங்களே சார்," என்றாள் கார்த்யாயினி.