வாசல் யார் பக்கம்?

போதகரின் மனைவி இரண்டு கைகளாலும் பலகைச் சுவரைப் படபடவென்று தட்டினாள்.

"இவரு உள்ள மாட்டிக்கிட்டாருங்க! யாராவது ஓடி வாங்களேன்!"

சபை அலுவலகத்தில் பெருக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். புதுப்பித்த அலுவலகத்தைத் திறந்து வைக்கப் பேராயர் வர இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை.

அழுது வடிந்துகொண்டிருந்த அந்த அலுவலகத்தைச் சீர் செய்யலாம் என்று பேச்செடுத்தவரே போதகர்தான். கூலிக்கு ஆள் வேண்டாம், ஊழியம் எல்லோருக்கும் பொது, சேர்ந்து செய்வோம் என்றார். ஹாலின் நடுவே, கூரை வரை பலகை அடித்து, வருகிறவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு சின்ன அறை. அதற்கு நான்கு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு சங்கம்.

சேர்ந்தார்கள்.

ஆண்கள் ஐக்கியம் பழுப்பு அடித்தது. பெண்கள் ஐக்கியம் இளஞ்சிவப்பு. வாலிபர் சங்கம் அடித்த கறுப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவிலும் அந்தந்தச் சங்கத்தின் பெயர், தெருவில் பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற அளவுக்கு.

நட்டநடுவில் பெயர் வந்தால் வாசல் எங்கே வரும்? அது அடுத்த சங்கத்தின் பாடு.

கடைசியில் பாடகர் குழுவின் பக்கத்தில் ஒரே ஒரு பலகை பாக்கி நின்றது. அந்த இடைவெளியையே வாசலாக விடச் சொல்லி நேற்று போதகர் கெஞ்சிப் பார்த்தார்.

"எங்கள மட்டும் இளிச்சவாயங்கன்னு நெனச்சீங்களா?" என்றார் பாட்டு மாஸ்டர். இன்று காலை அதையும் மாட்டி முடுக்கிவிட்டார்கள்.

எந்தப் பக்கத்தை அறுக்கச் சொன்னாலும் அந்தச் சங்கம் அடுத்த ஞாயிறு வேறு சபையில் உட்கார்ந்திருக்கும். ஆர்கனை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்திய முந்தைய போதகருக்கு அப்படித்தான் பாதி சபை காலியானது.

"மூடறப்ப உள்ள பாக்கலையா மாஸ்டர்?" ஆண்கள் ஐக்கியத் தலைவர் கத்தினார்.

"பாடிக்கிட்டே முடுக்கினோம். உருகிப் பாடினா கண்ணு தன்னால மூடிக்கும்."

"நல்லா உருகினீங்க! இப்ப அவரு உள்ள உருகிட்டு இருக்காரு!"

யாரோ போதகருக்கு போன் போட்டார்கள். அது அவர் மனைவியின் கைப்பைக்குள்ளிருந்து மணியடித்தது.

"அக்கா, உங்க பக்கம்தான் லேசான பலகை. அத உடைச்சிரலாம்" என்றார் தலைவர்.

"ஏன், உங்களது தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்றாள் பெண்கள் ஐக்கியத் தலைவி.

போதகரின் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னாள்.

"எந்தச் சங்கம் அவர வெளிய கொண்டு வருதோ, அந்தச் சங்கத்தோட பேரத்தான் பேராயர் முன்னால அவரு மொதல்ல சொல்லுவாரு."

அவ்வளவுதான். சுத்தியல், கடப்பாரை, ஒன்றும் கிடைக்காதவர்களுக்குத் தோள்பட்டை. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் இடி இறங்கியது. அவரவர் பெயரை அவரவரே பிளந்தார்கள். ஆள் நுழையும் அளவுக்கு நான்கு ஓட்டைகள். நான்கு தலைவர்களும் உள்ளே பாய்ந்து, நடுவில் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அறை காலி.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். பேராயர் உள்ளே வந்தார். அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போதகர்.

பேராயர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நாலு பக்கமும் வாசல்! யாரும் எந்தப் பக்கத்துல இருந்தும் வரலாம். அடடா, கூட்டு ஊழியம்னா இதுதான்யா!"

நான்கு தலைவர்களும் தலையிலிருந்த தூசியோடு அடக்கமாகச் சிரித்தார்கள், யோசனை தங்களுடையதுதான் என்பதைப் போல.

போதகருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் மும்முரமாகப் பேராயருக்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில், பாட்டு மாஸ்டர் திருப்புளியைக் கையிலெடுக்கும் முன்பே, கணவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தவள் அவள்தான்.