மூணு இழுப்பு

மிளகு என்று ஒரு குட்டை நாய். உடம்பு முழுக்க நீள முடி, எதற்கெடுத்தாலும் பயம். காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்திருந்தது. இன்றைக்குள் அது பிரியாவிட்டால் நாளைக்கு மொட்டைதான் என்று வீட்டுக்காரி கோமதி சொல்லிவிட்டாள்.

கோமதி சீப்பை எடுத்தாள். "செல்லம், வலிக்கவே வலிக்காது" என்றாள். உடனே மிளகு கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கியது. அவள் சீப்பைத் தரையில் வைத்துவிட்டு பிஸ்கட் எடுக்கப் போனாள்.

சீப்பு கேட்டது, "என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா?"

"உன்னைப் பார்த்து இல்ல. அவ எப்பல்லாம் வலிக்காதுன்னு சொல்றாளோ, அப்பல்லாம் வலிக்குது. ஊசி போட்ட அன்னிக்கும் இதையேதான் சொன்னா."

"சரி, நான் சொல்றேன். வலிக்கும். மூணு இழுப்பு. ரெண்டாவது ரொம்ப மோசம்."

"மூணுதானே?"

"மூணுதான்."

மிளகு வெளியே வந்து, திரும்பி வந்த கோமதியின் மடியில் படுத்தது. முதல் இழுப்பில் பல்லைக் கடித்தது. இரண்டாவதில் கத்தியது. மூன்றாவதில் சிக்கு பிரிந்துவிட்டது.

"பாத்தியா, வலிக்காதுன்னு சொன்னேன்ல" என்று கோமதி பிஸ்கட்டை நீட்டினாள்.

மிளகு அதை வாங்கிக்கொண்டு, சீப்புக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துத் தின்றது.