கரண்ட் கம்பியை அறுத்த ஷேக்

போர் ஓய்ந்த ஏமனில் இடைக்கால அரசின் மின்துறை மந்திரி மேசையைத் தட்டினார்.

"எழுதுய்யா கம்தான்! கரண்ட் கம்பியை அறுத்த அந்த ஷேக் மூணு நாள்ல இணைச்சுக் குடுக்கணும். இல்லேன்னா பட்டாளம் வரும்!"

வெள்ளிக்கிழமை விடுமுறையில், செயலாளர் கம்தான் பாலைவனக் கூடாரத்துக்கே போய்க் கடிதத்தைக் கொடுத்தான்.

பழங்குடித் தலைவரான ஷேக், இடுப்புக் கத்தியைத் தடவியபடி படித்தார்.

"பட்டாளம் வரட்டும்! சண்டைக்கு மட்டும் நாங்க வேணும், விளக்குக்கு வேண்டாமா? தலைக்கு மேல கம்பி போகுது, கீழ ஒரு பல்பு இல்ல. இருபது ஊருக்கும் கரண்ட் குடுத்தாத்தான் இணைப்பேன்!"

விடுமுறை முடிந்ததும், கம்தான் எழுதி வந்த பதிலை அலுவலகத்தில் படித்த மந்திரி பெருமூச்சு விட்டார்.

"பிடிவாதக்காரன். குடுத்துத் தொலை!" என்று கையெழுத்துப் போட்டார்.

"ஷேக்குக்குத் தகவல் சொல்லணுமே ஐயா?" கம்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மந்திரி கோட்டைக் கழற்றி, இடுப்பில் அதே கத்தியைக் கட்டினார்.

"வேண்டாம்ப்பா. ஷேக்குக்கு இப்பவே தெரிஞ்சாச்சு."