ரொம்ப தூரம் எட்டிய பெட்டி

"இது வேணாம் தம்பி. ரொம்ப தூரம் எட்டுது."

உம் கஸ்வான் வைஃபை ரௌட்டரைக் கடை மேசைமேல் வைத்தாள். ஒத்துக்கொள்ளாத மருந்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல வைத்தாள்.

ஸல்த் நகரத்து மலைச்சரிவில் நிதால் வெகுகாலமாகக் கடை நடத்துகிறான். எட்டவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் நிறைய. எட்டுகிறது என்று வந்தவர் இவள்தான் முதல்.

"எட்டுனா நல்லதுதானே பெரியம்மா? பழசு புகைஞ்சு போச்சு, நல்லதா ஒண்ணு குடுன்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நல்லதாத்தான் கேட்டேன். இவ்வளவு நல்லதா கேக்கல."

அது பொல்லாத பெட்டிதான். காதுபோல நாலு ஆன்டெனா. முழ அகலக் கல்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதன் வீச்சு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனதில் எதிர்மலை ஆடுகள் மேய்ச்சலை மறந்து தலைதூக்கி நின்றுவிட்டதாகத் தெருவில் பேச்சு. ஆடுகளிடம் யாரும் விசாரிக்கவில்லை.

நிதாலுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. கீழ்வீட்டு ஹனானின் மகள் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிப்பது இந்த விதவையின் இணைப்பில். மேல்வீட்டு முடிவெட்டும் அபூ ஸக்ர் பந்தாட்டம் பார்ப்பதும் அதில்தான். அவர்கள் வீட்டுக்கு எட்டக்கூடாதாம் இப்போது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். பாஸ்வேர்டை மாத்திடுறேன். ஈ, எறும்புகூட உள்ள வராது" என்றான் குத்தலாக.

"சீச்சீ, அதை மாத்திடாதே. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சது. மாத்துனா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பெயரும் கெடக்கூடாது, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. நிதால் பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தான்.

"இது எப்படி?" என்று அவள் ஒன்றைத் தொட்டாள்.

"உங்க சிம்மை ஏத்துக்காது. வேற கம்பெனிக்குப் பூட்டுனது."

"இது?"

"ஏத்துக்கும். ரெண்டு சுவர் தாண்டும்."

"வேணாம் ராசா."

நிதால் குனிந்து, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து சோப்புப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினான்.

"இந்தாங்க. சிம்மும் பொருந்தும், டவரும் பிடிக்கும். ஆனா ஒரு சுவர் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும். உங்க மகன் கஸ்வான் ஸ்வீடன்லேர்ந்து கூப்பிட்டா முகம் தெளிவாத் தெரியாது, சொல்லிட்டேன்."

"அவன் வெள்ளிக்கிழமைதானே கூப்பிடுறான். நல்லா இருக்கியாம்மான்னு கேப்பான். நல்லா இருக்கேன்பேன். வச்சிடுவான். அதுக்கு இது போதும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கஞ்சத்தனத்தில் இப்படி ஒரு மலர்ச்சியை நிதால் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே மாட்டிக் கொடுக்கப் படியேறினான். அவள் வாசல்கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே கடிகாரச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"எங்க வைக்கட்டும்?"

"சமையலறைச் சன்னல்ல. அங்க டவர் கிடைக்கும்னு நீதானே சொன்ன?"

"கிடைக்கும். பின்னால இருக்கிற சுவர் கோட்டைச் சுவரு. அடுத்த வீட்டுக்கு ஒரு புள்ளிகூடப் போகாது."

"அதான் வேணும்."

ஏலக்காய்க் காபியை ஊற்றி நீட்டினாள்.

"வேணாம். கடையில வேலை இருக்கு."

அந்த ஊரில் காபியை மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமானம். அவள் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்த கெண்டியைக் கவனித்தான். கல்யாண வீட்டுக் கெண்டி. சுவரோரம் துடைத்து வரிசையாகப் போட்ட ஸ்டூல்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை?

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்த சூட்டோடு ஹனான் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். பின்னாலேயே மகள் புத்தகமூட்டையோடு.

"என்ன உம் கஸ்வான், எங்க வீட்ல ஒரு கோடுகூட வரல. பழையபடி இங்க வந்துதான் உக்காரணுமா?"

"என்ன பண்றது, இந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் சீவன். உக்காரு, உக்காரு. ஏன்டி ரவான், மெலிஞ்சு போயிட்ட? அடுப்புல ரொட்டி சூடா இருக்கு, எடுத்துக்கோ."

படியில் அபூ ஸக்ரின் இருமல் சத்தம் இறங்கி வந்தது. "ஆட்டம் தொடங்கிடுச்சா, உம் கஸ்வான்?"

"இன்னும் இல்ல, வா!"

கிண்ணங்களைக் கழுவுகிற சாக்கில் அவள் நிதால் பக்கம் சாய்ந்தாள். குரல் பாதியாகக் குறைந்தது.

"அந்த நாலு காதுப் பெட்டி வந்ததிலேர்ந்து ஒரு ஆள் இந்த வாசப்படி மிதிக்கல தம்பி. அவங்கவங்க வீட்லயே நல்லா எடுக்குதுன்னு போன்ல நன்றி சொன்னாங்க."

நிதால் திருப்புளியைப் பைக்குள் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

"நிதால் அண்ணே," ஹனான் கேட்டாள், "உங்க கடையில இதைவிடப் பெருசா எதுவும் இல்லையா? எங்களால பாவம், இவங்களுக்குத் தினம் தொந்தரவு."

அலமாரி நிறைய இருந்தன.

"இருக்கு. ஆனா இந்த வீட்டுக்கு எதுவும் பொருந்தாது" என்ற நிதால், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தான்.