தையற்காரியின் அக்கா மகள்

துறைமுகத் தெருவில் நடுப்பகலிலேயே கடைக் கதவுகள் தடதடவென்று இறங்குகின்றன. மூன்று மொழிகள் புழங்கும் தெருவில் இப்போது தடியோடு வருபவர்களின் குரல் மட்டும் கேட்கிறது. பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஒப்படைத்துவிட்டுப் போன நாலு வயது மகள், தையற்காரியின் முந்தானையைப் பிடித்தபடி நிற்கிறாள். வாயைத் திறந்தால் அவர்கள் வீட்டு மொழிதான் வரும்; தடிக்காரர்கள் தேடுவது அந்த மொழிக்காரர்களைத்தான். என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று தையற்காரி சொல்லிவைத்திருக்கிறாள். “ரொட்டிக்காரன் பொண்ணா இது?” என்கிறான் ஒருவன். “எங்க அக்கா மகளுங்க. பேச்சு வராது.” அவன் குனிந்து குழந்தையின் கையைக் கிள்ளித் திருகுகிறான். குழந்தையின் கண்ணீர் கொட்டுகிறது, உதடு பிரியவில்லை. அவன் அடுத்த கடைக்கு நகர்கிறான். கூட்டம் தெருமுனை திரும்பியதும் தையற்காரி அவளை வாரி அணைக்கிறாள். “போயிட்டாங்கடா கண்ணு, இப்ப அழலாம்.” குழந்தை வாயை இன்னும் இறுக மூடிக்கொள்கிறது.