அம்மாவின் மெடிக்கல் கார்டு

வருமான வரிப் படிவத்தில் இன்சூரன்ஸ் கட்டம் வந்ததும், அம்மாவின் மெடிக்கல் கார்டுக்குப் போன வருடம் கட்டிய பிரீமியத்தைச் சட்டென்று அடித்தேன்.

எதிரே மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரேமலா அக்கா என் போனைப் பிடுங்கினார்.

“அலமாக்! லோஷினி, ஒனக்கு, புருஷனுக்கு, பிள்ளைக்குக் கட்டுனதுதான் இதுல போடலாம். அம்மாவுக்குக் கட்டுனா வரிக் கழிவு கெடையாது லா.”

செடெனாக் தொழிற்சாலை கேண்டீனில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வரியில் கொஞ்சம் திரும்பி வரும், அதை வைத்து மாதத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். போச்சு.

இந்த வருடப் பிரீமியத்துக்கு இன்றுதான் கடைசி நாள். விட்டால் கார்டு செத்துவிடும். சர்க்கரை, இருதயம் இரண்டும் உள்ள அம்மாவை இனி எந்தக் கம்பெனியும் புதிதாகச் சேர்க்காது.

“பேசாம நிறுத்திடு” என்றார் அக்கா. “அவங்க மகன் சிங்கப்பூர்ல சம்பாரிக்கிறாருல்ல? அவரு பாக்கட்டும்.”

“அவரு பாத்த லட்சணம் தெரியாதாக்கா? அம்மா நெஞ்சு வலின்னு வார்டுல கெடந்தப்ப, வீடியோ கால்ல வந்து டாட்டா காட்டுனாரு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடித்த தொகையை அழித்தேன். பூஜ்யம் போட்டேன். அனுப்பினேன்.

கழிவு தராவிட்டால் போகட்டும். யாருக்குக் கட்டுவது என்று அந்தக் கட்டமா முடிவு செய்யும்?

வங்கிச் செயலியைத் திறந்து பிரீமியத்தை முழுதாகக் கட்டினேன். கணக்கில் மிஞ்சியதைப் பார்க்கவில்லை. ரசீதைச் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. அம்மாவின் எண்ணிலிருந்தே பதில் வந்தது. ஆனால் எழுதியது அம்மா இல்லை.

“செல்வா பேசுறேன், லீவுல வந்திருக்கேன். எங்கம்மாவுக்கு நீ எதுக்குக் கட்டுற? நமக்குதான் டிவோர்ஸ் ஆயிருச்சே?”

அக்காவும் எட்டிப் படித்தார்.

வேலை மணி அடித்தது. எழுந்து நின்றபடியே தட்டினேன்.

“நமக்குத்தான் ஆச்சு. அம்மாவுக்கும் எனக்கும் ஆகல. மத்தியான மாத்திர போட்டாங்களா, பாத்துச் சொல்லுங்க.”